அப்பலாச்சியன் டிரெயிலில் கூட்டாகச் சமைத்துச் சாப்பிட

அமெரிக்காவில் ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடிகிறது அப்பலாச்சியன் டிரெயில் என்ற நெடுந்தூர நடைபாதை. 14 மாநிலங்கள், சுமார் 3,500 கிலோமீட்டர். முழுவதையும் ஒரே தொடராக நடக்க ஐந்து முதல் ஏழு மாதம் பிடிக்கும். தனியாகக் கிளம்பியவர்கள்கூட சில வாரங்களில் மூன்று நான்கு பேராகச் சேர்ந்துவிடுவார்கள். இந்தக் கூட்டத்தை அங்கே ‘டிராமிலி’ (டிரெயில் ஃபேமிலி, பாதைக் குடும்பம்) என்கிறார்கள்.

கூட்டுச் சாப்பாட்டுக்கு ஒரே ஒரு விதியை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: சேர்ந்து வாங்கலாம், சேர்ந்து சாப்பிடலாம், ஆனால் அவரவர் சாப்பாட்டை அவரவரே சுமக்க வேண்டும். அரிசி ஒருவர் பையில், பருப்புப்பொடி இன்னொருவர் பையில் என்று பிரித்தால், ஒருவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்ட அன்றைக்கு மற்றவர்கள் வெறும் அரிசியோடு உட்கார்ந்திருப்பார்கள். நடை வேகம் ஒத்துப்போகாமல் கூட்டம் பிரிவது அங்கே சர்வ சாதாரணம். பிரிகிற அன்றும் ஒவ்வொருவர் பையிலும் அடுத்த ஊர் வரைக்குமான சாப்பாடு இருந்தால் மனக்கசப்பு வராது.

பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை ஏதாவது ஊரை எட்டிவிடலாம். பங்கு பிரிக்க வேண்டிய இடம் அந்த ஊர்க் கடை வாசல்தான். ஆலிவ் எண்ணெய், டார்ட்டியா ரொட்டி, ஓட்ஸ் எல்லாம் பெரிய பொட்டலமாக வாங்கினால் மலிவு. வாங்கிய கையோடு ஜிப் பைகளில் பிரித்து, பெயர் எழுதி, கணக்கையும் அங்கேயே தீர்த்துவிடுங்கள். ஓட்டலில் சாப்பிடுவதானால், ஆர்டர் கொடுக்கும் முன்பே தனித்தனி பில் வேண்டும் என்று சொல்லிவிடுவது நல்லது.

அளவு: ஆரம்ப நாட்களில் பலருக்குப் பசியே எடுக்காது, ஒருவருக்கு நாளொன்றுக்கு 700 கிராம் போதும். சில வாரம் கழித்துப் பசி பிடித்துக்கொள்ளும், அப்போது 900 கிராமாவது வேண்டும். ஒரு கிராமுக்கு 4 கலோரிக்குக் குறையாத பொருளாகப் பாருங்கள். நெய் 9, வேர்க்கடலை ஏறக்குறைய 5.7. ஆறு மாதத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே வாங்கி வைக்காதீர்கள். இரண்டாவது மாதத்திலேயே நாக்கு வேறு ருசி கேட்கும்.

இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு கணக்கு, ஒருவருக்கு: இன்ஸ்டன்ட் அரிசி 100 கிராம், பருப்புப்பொடி 30 கிராம், நெய் 25 கிராம், வறுத்த வேர்க்கடலை 30 கிராம், உப்பு. கிட்டத்தட்ட 870 கலோரி. மூன்று பேருக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆளுக்கு ஏறக்குறைய அரை லிட்டர் அவரவர் பாத்திரத்தில் ஊற்றி, அரிசியைப் போட்டு மூடிப் பத்து நிமிடம் விடுங்கள். பொடியும் நெய்யும் அதற்குப் பிறகுதான். பொடியை முதலிலேயே சேர்த்து அடுப்பில் வைத்தால் அடிப்பிடிக்கும். கேஸ் பர்னரின் தீ ஒரே இடத்தில் குவிந்து எரிகிறது, பாத்திரமோ மெல்லியது. சாதாரண அரிசியை 20 நிமிடம் வேகவைப்பது கேஸுக்குக் கேடு. கெட்டி அவலுக்கும் இதே முறை சரிவரும், தண்ணீரை மட்டும் பாதியாகக் குறையுங்கள்.

மூடி போட்டு, காற்றுக்கு மறைவாக வைத்தால் அரை லிட்டர் கொதிக்க 7, 8 கிராம் கேஸ் ஆகும். அப்படியானால் 230 கிராம் கேஸ் அடைத்த கேனிஸ்டர் (சிறிய உருளை) மூன்று பேருக்குப் பத்து இரவு வரும். காற்றில் திறந்து வைத்தால் இந்தக் கணக்கு நிற்காது. அடுப்பை வழக்கமாக முதலில் ஷெல்ட்டர் (பாதையோரம் இரவு தங்கும் கொட்டகை) போய்ச் சேருபவரிடம் கொடுங்கள். அடுப்பு கடைசி ஆளிடம் இருந்தால் மற்றவர்கள் பசியோடு காத்திருந்து எரிச்சலாகிவிடுவார்கள். காலையில் கிளம்பும்போதே இரவு எந்த ஷெல்ட்டர், அங்கே இடமில்லையென்றால் எது என்று இரண்டையும் பேசிவிடுங்கள். சமைக்காமல் சாப்பிடக்கூடிய ஒருவேளை உணவு எல்லோர் பையிலும் இருக்கட்டும்.

சுத்தத்தில்தான் மிகவும் கண்டிப்பு தேவை. ஷெல்ட்டர்களிலும் விடுதிகளிலும் நோரோவைரஸ் பரவுவது உண்டு; ஒருவருக்கு வாந்தி பேதி வந்தால் மொத்தக் கூட்டமும் படுத்துவிடும். கடலையைப் பகிரும்போது யாரும் பைக்குள் கைவிடக் கூடாது. பைக்காரர்தான் மற்றவர் கையில் கொட்ட வேண்டும். ஒரே ஸ்பூனால் ருசி பார்ப்பதும் கூடாது. சானிட்டைசர் இந்தக் கிருமியிடம் அவ்வளவாக எடுபடாது, சோப்பும் தண்ணீரும்தான் வழி. கழுவுவது ஓடையிலிருந்து 60 மீட்டர் தள்ளி. பலர் கொண்டுவரும் சிறிய குழாய் ஃபில்டர்கள் வைரஸைத் தடுக்காது. சந்தேகமான தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

சேரும் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி: யாருக்காவது வேர்க்கடலை ஒவ்வாமை உண்டா? இந்தப் பாதையில் பாதிப் பேர் பீநட் பட்டரில்தான் நடக்கிறார்கள். சைவக்காரர்கள் ராமென் நூடுல்ஸ் பொட்டலத்து மசாலாவைப் படித்துப் பாருங்கள். பலவற்றில் மாட்டிறைச்சியோ கோழியோ இருக்கும். மசாலாவை விட்டுவிட்டு நூடுல்ஸில் இட்லிப்பொடி போட்டால் நன்றாகவே இருக்கும்.

சாப்பாட்டைக் கருங்கரடிக்கு எட்டாமல் வைக்கும் பொறுப்பு மட்டும் கூட்டுப் பொறுப்பு. ஒருவருடைய பை கீழே கிடந்தாலும் கரடி எல்லோரையும் தேடி வரும். கட்டித் தொங்கவிடுவதானால் தரையிலிருந்து 3.6 மீட்டர் உயரம், அடிமரத்திலிருந்து 1.8 மீட்டர் தள்ளி. கயிறு 15 மீட்டர். பாதையைப் பராமரிக்கும் அப்பலாச்சியன் டிரெயில் கன்சர்வன்சி கெட்டியான கரடிப் புகாப் பெட்டியையே பரிந்துரைக்கிறது. பற்பசையும் அதற்குள்தான் போக வேண்டும்.

சாலை குறுக்கிடும் இடங்களில் முன்பின் தெரியாதவர்கள் அடுப்பு மூட்டிச் சாப்பாடு போடுவார்கள். ‘டிரெயில் மேஜிக்’ என்பது அதுதான். அதை நம்பிப் பையில் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். முதல் சுற்றில் ஒன்று மட்டும் எடுங்கள், பின்னால் வருபவர்கள் இருக்கிறார்கள். கிளம்பும் முன் பாத்திரம் கழுவவோ குப்பை கட்டவோ கை கொடுங்கள்.

மெய்னில், மான்சன் ஊரைத் தாண்டியதும் வரும் நூறு மைல் காட்டில் கடை கிடையாது. எட்டு முதல் பத்து நாள் சாப்பாடு வேண்டும். பாதி வழியில் உணவு வாளியைக் கொண்டுவந்து வைக்கும் சேவை மான்சனில் காசுக்குக் கிடைக்கிறது; மூன்று பேர் ஒரே வாளியாகப் பேசினால் செலவு குறையும். வாளிக்குள்ளும் மூன்று தனிப் பைகளாகவே கட்டி அனுப்புங்கள்.