சீகேமில் ரெகொபெயாம் தவறிய இடங்கள்

சாலொமோன் ராஜாவின் மகன் ரெகொபெயாமின் கதையைப் பெரும்பாலும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம்: முதியோர் பேச்சைத் தள்ளினான், வாலிபர் பேச்சைக் கேட்டான், ராஜ்யத்தின் பெரும்பகுதியை இழந்தான். பிறகு சபையில் உள்ள இளைஞர்களுக்கு இரண்டு அறிவுரை. அரசனானபோது அவனுக்கு வயது 41 என்பதை மறந்துவிடுகிறோம். அவனோடு வளர்ந்த அந்த 'வாலிபர்' எவரும் விவரம் தெரியாத பிள்ளைகளாக இருந்திருக்க முடியாது. 1 இராஜாக்கள் 12ஆம் அதிகாரம் பொறுப்பில் இருக்கும் பெரியவர்களுக்கான பாடம். மூப்பர்களும் தலைமையாசிரியர்களும் குடும்பத் தலைவர்களும் அதை மெதுவாகப் படிக்க வேண்டும்.

மக்கள் கேட்டது நியாயமானது. சாலொமோன் 30,000 அமஞ்சி (கட்டாய வேலை) ஆட்களைப் பிடித்து, மாதம் 10,000 பேராக லீபனோனுக்கு அனுப்பியவர். அந்த நுகத்தை இலகுவாக்கினால் உம்மைச் சேவிப்போம் என்றுதான், அவனை ராஜாவாக்கக் கூடிய சீகேம் என்னும் ஊரில் வந்து நின்றார்கள். மூன்று நாள் தவணை கேட்டானே, அது நல்ல தொடக்கம். பதற்றத்தில் பதில் சொல்லாமலிருப்பது ஞானம்தான்.

ஆனால் எட்டாம் வசனத்தின் வரிசையைக் கவனியுங்கள். முதியோரின் ஆலோசனையைத் தள்ளிவிட்டு, அதன் பிறகே தன் தோழர்களிடம் போகிறான். இரண்டையும் எடைபோட்டுப் பார்க்கவில்லை. விரும்பிய பதில் கிடைக்கும்வரை ஆள் மாற்றிக் கேட்பதற்கு ஆலோசனை என்று பெயர் வைக்கக் கூடாது. நம் கமிட்டிக் கூட்டங்களிலும் இது நடக்கிறது. தீர்மானத்தை முதலில் எழுதிவிட்டு, கருத்தைப் பிறகு கேட்கிறோம்.

அடுத்தது வாய். என் தகப்பன் சவுக்குகளால் தண்டித்தார், நான் தேள்களால் தண்டிப்பேன் என்றான். 'மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்' என்ற நீதிமொழி அவனுடைய தகப்பன் பெயரிலேயே இருக்கிறது. இன்று ஒரு நாள் இவர்களுக்குச் சேவகனாக இருந்து நல்வார்த்தை சொல்லும், எந்நாளும் உமக்கு ஊழியராயிருப்பார்கள் என்று முதியோர் காட்டிய வழியும் அதுதான். பணிந்து பேசினால் அதிகாரம் குறைந்துவிடும் என்று அவன் பயந்திருக்க வேண்டும். அந்தப் பயம் இன்றும் பல நல்ல தலைவர்களைக் கெடுக்கிறது.

எனக்கு மிகவும் வலிக்கும் தவறு இதற்குப் பிறகு வருகிறது. மக்கள் கொதித்துப்போய்க் கலைந்த பிறகு, அவன் அனுப்பிய தூதன் யார்? கட்டாய வேலையை மேற்பார்த்த அதோராம்! எந்தச் சுமைக்காக மக்கள் அழுதார்களோ, அந்தச் சுமையின் முகத்தையே அவர்கள் முன் நிறுத்தினான். அதோராமைக் கல்லெறிந்து கொன்றார்கள். அரசன் ரதமேறி எருசலேமுக்கு ஓடினான். முறையிட்டவர்களிடம், யார்மேல் முறையீடோ அவரையே விசாரணைக்கு அனுப்புகிற வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும்.

அரசன் மக்களுக்குச் செவிகொடாதது கர்த்தரால் நடந்தது என்று 15ஆம் வசனம் சொல்லுகிறது. அதைப் பிடித்துக்கொண்டு அரசனின் கடுமைக்குச் சாக்குத் தேடக் கூடாது.

கதை அங்கே முடியவில்லை. ஓடிப்போனவன், பிரிந்துபோன இஸ்ரவேலர்மேல் போருக்கு 1,80,000 பேரைத் திரட்டினான். அப்போது செமாயா என்னும் தேவமனுஷன் வந்து, உங்கள் சகோதரரோடு யுத்தம்பண்ணாதிருங்கள், அவரவர் வீட்டுக்குத் திரும்புங்கள் என்றான். இந்தமுறை கேட்டார்கள். அத்தனை பேரும் வாளெடுக்காமல் வீடு திரும்பினார்கள்.