பெர்ல் ஸ்கிரிப்ட்டில் படம் மட்டும் ஏறாத சிக்கல்

வலைப்பதிவு இடுகைகளைத் திருத்த பெர்ல் என்ற நிரல்மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) வைத்திருக்கிறேன். தலைப்பு, உரை, குறிச்சொல் எல்லாம் ஒழுங்காக மாறும். படத்தை இணைத்தால் மட்டும் ‘இந்தக் கோப்பு வகைக்கு அனுமதி இல்லை’ என்று திரும்பிவிடும். பல நாள் இதிலேயே போனது.

கடவுச்சொல், அனுமதி, அளவு வரம்பு என ஒவ்வொன்றாகப் பார்த்தாயிற்று. கோப்பு எந்த வகை என்று சொல்லும் கன்டென்ட் டைப் வரியை மாற்றியும் பயனில்லை. அதே படத்தை பிரவுசரில் கையால் ஏற்றினால் ஏறுகிறது. லினக்ஸில் ஓட்டினால் ஸ்கிரிப்ட்டும் வேலை செய்கிறது, விண்டோஸில்தான் மக்கர்.

துப்பு கிடைத்தது கோப்பின் அளவில். ஸ்கிரிப்ட் எழுதும் தற்காலிகக் கோப்பு மூலப் படத்தைவிடக் கொஞ்சம் பெரிது! கோப்பின் பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் அதைத் திறந்தேன். பிஎன்ஜி வகைப் படக் கோப்பின் முதல் 8 பைட்டுகள், தசம எண்ணில், எப்போதும் 137 80 78 71 13 10 26 10. இங்கோ 71-க்குப் பிறகு 13 13 10 26 13 10. விண்டோஸில் டெக்ஸ்ட் முறையில் (உரைக் கோப்பு போல) எழுதினால், 10 என்பது வரி முடிவாகக் கொள்ளப்பட்டு, ஒவ்வொரு 10-க்கு முன்னாலும் ஒரு 13 செருகப்பட்டுவிடும். அதனால்தான் அது படம் என்றே அடையாளம் தெரியவில்லை. (இந்த மாதிரிக் கோளாறைக் காட்டிக்கொடுக்கத்தான் அந்த எண்களையே அங்கே வைத்திருக்கிறார்கள்.)

தீர்வு ஒரே வரி: கோப்பைத் திறந்ததும், எழுதுவதற்கு முன், பைன்மோட் (binmode) என்ற கட்டளை. பைட்டுகளை மாற்றாமல் அப்படியே எழுது என்று அது சொல்லும். படிக்கும் இடத்திலும் அதையே போட்டேன். படங்கள் ஏறிவிட்டன. பழைய தற்காலிகக் கோப்புகளை அழித்துவிட்டு ஓட்டுங்கள். இல்லாவிட்டால் கெட்டுப்போனதே மறுபடியும் போகும்.