இட்லி மாவு லாக்டிக் பாக்டீரியா எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமியைத் தடுக்கிறதா: ஆய்வகத்தில் சோதிக்கும் முறை

கிருமி பரப்பிய அகர் பிளேட்டில் குழி வெட்டி, லாக்டிக் பாக்டீரியா வளர்ந்த திரவத்தை அதில் விட்டுப் பார்ப்பதுதான் இந்தச் சோதனை. குழியைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவட்டம் விழுந்ததுமே “பாக்டீரியோசின் (பாக்டீரியா சுரக்கும் கிருமிக்கொல்லிப் புரதம்) கிடைத்துவிட்டது” என்று எழுதிவிடுவதுதான் மாணவர் பிராஜெக்ட்டுகளில் அடிக்கடி நடக்கிற கோளாறு. பெரும்பாலும் அது வெறும் லாக்டிக் அமிலத்தின் வேலை. இரண்டையும் பிரித்துக் காட்டும்படி சோதனையை அமைக்க வேண்டும். எம்.ஆர்.எஸ்.ஏ. (மெத்திசிலின் வகை ஆன்டிபயாடிக்குகளுக்கு மசியாத ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி) புழங்குவதால் இரண்டாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு ஆய்வகம் கட்டாயம், வீட்டில் வேண்டாம்.

பிரித்தெடுத்தல்

இரவெல்லாம் புளித்த மாவு 10 கிராமை 90 மி.லி. 0.85% உப்புக் கரைசலில் கலக்கி, பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்யுங்கள். 10⁻⁵ முதல் 10⁻⁷ வரை 0.1 மி.லி. வீதம் எம்.ஆர்.எஸ். அகரில் (லாக்டிக் பாக்டீரியாவை வளர்க்கும் ஊடகம்) பரப்பினால் போதும். அகரில் 0.5% கால்சியம் கார்பனேட் சேர்த்தால், அமிலம் சுரக்கும் காலனியைச் சுற்றி வெண்மை கரைந்து தெளியும். கார்பனேட் அடியில் தங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு பிளேட்டுக்கும் முன் குடுவையைச் சுழற்றி ஊற்றுங்கள். (பிளேட்டில் ‘எம்.ஆர்.எஸ். அகர்’ என்று முழுசாக எழுதுங்கள். ‘எம்.ஆர்.எஸ்.ஏ.’ என்று சுருக்கினால் கிருமி வளர்க்கும் பிளேட் என்று குழம்பிவிடும்.)

மெழுகுவத்தி ஜாடியில் (உள்ளே மெழுகுவத்தி எரிந்து ஆக்சிஜன் குறைந்த மூடிய ஜாடி) 30 டிகிரி செல்சியஸில் 48 மணி நேரம் வையுங்கள். 37-இல் வைத்தால் மாவின் முக்கிய ஆளான லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ் பின்தங்கிவிடும். ஈஸ்ட்டும் முளைக்கும், மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ஒதுக்குங்கள். கிராம் சாயச் சோதனையில் ஊதாவாகவும் (கிராம் பாசிட்டிவ்), 3% ஹைட்ரஜன் பெராக்சைடில் நுரைக்காமலும் இருப்பவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

சூப்பர்நேட்டன்ட்

எம்.ஆர்.எஸ். திரவத்தில் 24 மணி நேரம் வளர்த்து, 10,000 ஜி வேகத்தில் 4 டிகிரியில் 10 நிமிடம் சுழற்றுங்கள். மேல்நீரை நான்காகப் பிரிக்கவும்:

1. அப்படியே.
2. 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடால் பி.எச். 6.5-க்குக் கொண்டுவந்தது.
3. இரண்டாவதோடு கேட்டலேஸ் (பெராக்சைடைச் சிதைக்கும் நொதி), மி.லி.க்கு 1 மி.கி.
4. இரண்டாவதோடு புரோட்டினேஸ் கே (புரதத்தைச் சிதைக்கும் நொதி), மி.லி.க்கு 1 மி.கி., 37 டிகிரியில் 2 மணி நேரம்.

பிறகு 0.22 மைக்ரான் வடிகட்டி. நைலானும் நைட்ரோசெல்லுலோஸும் புரதத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், பாலிஈதர்சல்போன் நல்லது. ஒப்பீட்டுக்கு, பாக்டீரியா போடாத எம்.ஆர்.எஸ். திரவத்தை லாக்டிக் அமிலத்தால் முதல் பகுதியின் பி.எச்.-க்கு இறக்கிய ஒன்றும், அதே திரவத்தை 6.5-இல் நொதிகள் கலந்து வைத்த ஒன்றும் வேண்டும். இவை இல்லாத சோதனையை நம்ப முடியாது.

பிளேட்

முல்லர்-ஹின்டன் அகர் 4 மி.மீ. ஆழம். எம்.ஆர்.எஸ்.ஏ.-வை 0.5 மெக்ஃபர்லாண்ட் (கிருமி அடர்த்தியைக் காட்டும் கலங்கல் அளவுகோல்) கலங்கலுக்குச் சரிசெய்து 15 நிமிடத்துக்குள் துடைத்துப் பரப்புங்கள். கிருமியின் எதிர்ப்பையும் உறுதிசெய்யுங்கள்: 30 மைக்ரோகிராம் செஃபாக்ஸிடின் (ஆன்டிபயாடிக்) வட்டைச் சுற்றிய தெளிவட்டத்தின் விட்டம் 21 மி.மீ. அல்லது அதற்குக் கீழ் வர வேண்டும்.

அகரில் வெட்டிய 6 மி.மீ. விட்டக் குழியில் விளிம்புவரை 113 மைக்ரோலிட்டர்தான் பிடிக்கும். அடியை அடைத்த பிறகு 100 விட்டால் தளும்பக்கூடும், 80 விடுங்கள். அதற்கு முன் குழியின் அடியில் ஒரு துளி உருகிய அகர் விட்டு அடையுங்கள். இல்லாவிட்டால் திரவம் அகருக்கு அடியில் ஓடி, வட்டம் கோணல்மாணலாக வரும். 4 டிகிரியில் 2 மணி நேரம் ஊறவிட்டு, 35 டிகிரியில் 18 மணி நேரம் வையுங்கள்.

படிப்பது

முதல் பகுதியில் மட்டும் வட்டம், அமில ஒப்பீட்டிலும் அதே அளவு என்றால் அமிலம்தான். மூன்றில் மறைந்தால் பெராக்சைடு. மூன்றிலும் நின்று நான்கில் மறைந்தால் புரதம், அதாவது பாக்டீரியோசினாக இருக்க வாய்ப்பு. இரண்டிலேயே மறைந்தாலும் உடனே கைவிட வேண்டாம்: நிசின் போன்ற பாக்டீரியோசின்கள் நடுநிலை பி.எச்.-இல் சரியாகக் கரையாது. அமோனியம் சல்ஃபேட்டால் வீழ்படிவாக்கிச் செறிவூட்டி மறுபடி பாருங்கள். கிளெப்சியெல்லா போன்ற கிராம் நெகட்டிவ் கிருமிகளில் வெளிச்சவ்வு பாக்டீரியோசினைத் தடுத்துவிடுவதால், அங்கே அமிலம் மட்டும் வேலை செய்வது சகஜம்.

தேறிய லாக்டிக் பாக்டீரியா எந்த ஆன்டிபயாடிக்குகளை எதிர்க்கிறது என்பதையும் பாருங்கள். லியூகோனோஸ்டாக் வான்கோமைசினுக்கு மசியாது. அது பிறவிக்குணம், மற்றவற்றுக்குத் தாவாது. அதற்காகத் தள்ள வேண்டாம். ஆனால் டெட்ராசைக்ளின், எரித்ரோமைசின் எதிர்ப்பு தெரிந்தால் எதிர்ப்பைத் தரும் டெட்-எம், இ.ஆர்.எம்.-பி மரபணுக்களுக்கு பி.சி.ஆர். (மரபணு இருக்கிறதா என்று பெருக்கிப் பார்க்கும் சோதனை) போடுங்கள், இருந்தால் அந்தத் திரிபை உணவுப் பயன்பாட்டுக்கு எடுக்காதீர்கள். இந்தச் சோதனைக்கு முல்லர்-ஹின்டன் உதவாது, அதில் லாக்டிக் பாக்டீரியா சரியாக வளராது. 90% ஐசோ-சென்சிடெஸ்ட் ஊடகமும் 10% எம்.ஆர்.எஸ்.ஸும் கலந்த எல்.எஸ்.எம். திரவம் வையுங்கள்.