டர்போ காரின் என்ஜின் டியூனிங்: பலனைக் கெடுக்கும் தவறுகள்

என்ஜின் கணினியின் மென்பொருளைத் திருத்தி எழுதுவதால், டர்போ (வெளியேறும் புகையின் விசையால் சுழன்று என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி) உள்ள காருக்குக் கிடைக்கும் பலன் மற்றக் கார்களுக்குக் கிடைப்பதில்லை. டர்போ இல்லாத என்ஜின் வளிமண்டல அழுத்தத்தில் வரும் காற்றை வைத்துத்தான் ஓட வேண்டும். டர்போ என்ஜினிலோ, எவ்வளவு காற்றை உள்ளே திணிப்பது என்பதையே மென்பொருள் தீர்மானிக்கிறது. மட்டமான எரிபொருள், கடும் வெயில், மலைப்பாதை எல்லாவற்றையும் தாங்கும்படி உற்பத்தியாளர் அதில் ஒரு பாதுகாப்பு இடைவெளி விட்டு வைக்கிறார். உங்கள் காரில் அந்த இடைவெளி எவ்வளவு என்று அளந்து, அதற்குள் நின்று எழுதுவதுதான் தனிப்பயன் டியூனிங். அளக்காமல் எழுதினால் என்ஜின் உடையும்.

பெரும்பாலானோர் சறுக்குவது டியூனிங் தொடங்கும் முன்பே. காரின் உடல்நிலையை யாரும் பார்ப்பதில்லை. டர்போவுக்கும் என்ஜினுக்கும் இடையிலுள்ள ஏதோ ஒரு குழாய் இணைப்பில் காற்று கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்ட அழுத்தத்தைக் கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுழலும், காற்று மேலும் சூடாகும். பழைய மென்பொருளில் வெளியே தெரியாத இந்தக் குறை, பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம்) கூடியதும் டர்போவின் ஆயுளைத் தின்னத் தொடங்கும். ஸ்பார்க் பிளக்கும் அப்படித்தான். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏற ஏற, பிளக்கின் இடைவெளியைப் பொறி தாண்டுவது கடினமாகிறது. தேய்ந்த பிளக் அங்கே தீயைத் தவறவிடும். பழி டியூனிங் மீது விழும். கசிவு சோதனை, சிலிண்டர்கள் அழுத்தத்தைத் தாங்குகின்றனவா என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனை, புதிய பிளக், புதிய ஆயில் ஆகியவற்றை முடித்த பிறகே மடிக்கணினியைத் திறக்க வேண்டும்.

அடுத்தது, எல்லாக் கார்களுக்கும் பொதுவாக எழுதப்பட்ட ஒரு கோப்பைத் தனிப்பயன் என்று நம்பி வாங்குவது. அதைவிட மோசமானவை, சென்சாருக்கும் கணினிக்கும் நடுவில் செருகும் சிறு பெட்டிகளில் சில. உண்மையான பூஸ்ட் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டிக் கணினியை ஏமாற்றுவதே அவற்றின் வேலை. உண்மையான தனிப்பயன் வேலையில் காரை ஓட்டித் தரவு பதிவு செய்வார்கள், திருத்துவார்கள், மறுபடி ஓட்டுவார்கள். நாக்கிங் (சிலிண்டருக்குள் கலவை கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டுவது) காரணமாகக் கணினி தீப்பொறி நேரத்தை எங்கெல்லாம் பின்னுக்கு இழுக்கிறது, காற்றும் எரிபொருளும் சேரும் கலவை விகிதம் என்ன, உள்ளே வரும் காற்றின் வெப்பம், எரிபொருள் அழுத்தம் என எல்லாம் அந்தப் பதிவில் தெரியும். பதிவைக் கேட்காத டியூனர் உங்கள் காரைப் பார்க்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

குதிரைத்திறன் எண்ணைத் துரத்துவது மூன்றாவது தவறு. குதிரைத்திறனை அளக்கும் டைனோ எந்திரம், அன்றைய வெப்பநிலை, கணக்கீட்டுத் திருத்தம் மாறினால் அந்த எண்ணும் மாறும். என்ஜினை உடைப்பது பெரும்பாலும் உச்ச வேகத்துக் குதிரைத்திறன் அல்ல, குறைந்த வேகத்தில் திடீரென எழும் முறுக்குவிசைதான். 2000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) அளவிலேயே முழு பூஸ்டை வரவழைத்தால் பிஸ்டனை கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளையலாம், கிளட்ச் வழுக்கலாம், தானியங்கி கியர்பெட்டி தன் வரம்பைத் தாண்டலாம். நேரடி எரிபொருள் பீய்ச்சல் கொண்ட சிறிய டர்போ என்ஜின்களில் இன்னோர் ஆபத்தும் உண்டு: இந்தக் குறைந்த வேக, அதிகச் சுமை நிலையில் பொறி விழும் முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். ஒரே ஒரு முறை நேர்ந்தாலும் பிஸ்டன் உடையக்கூடும். முறுக்குவிசையைப் படிப்படியாக ஏற்றி, நடு வேகத்தில் தாராளமாக விரியவிடும் டியூனிங்தான் அன்றாட ஓட்டத்தில் இனிக்கும். என்னைக் கேட்டால், உச்ச எண்ணில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

எரிபொருளில் செய்யும் அலட்சியத்துக்கும் மன்னிப்பு இல்லை. 98 ஆக்டேனுக்கு (நாக்கிங்கை எரிபொருள் எவ்வளவு தாங்கும் என்பதற்கான எண்) எழுதிய மென்பொருளில் 91 ஆக்டேன் ஊற்றிவிட்டு, நாக் சென்சார் பார்த்துக்கொள்ளும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சென்சார் நாக்கிங் நடந்த பிறகே அதைக் கேட்கிறது. அது கடைசிக் காவல்தான். கலவையிலும் சிக்கனம் கூடாது. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். முழு பூஸ்டில் பல டியூனர்கள் அதை 12-ஐ ஒட்டி வைப்பது வீணடிப்பதற்கு அல்ல. கூடுதல் எரிபொருள் ஆவியாகி எரிகலனைக் குளிர்விக்கிறது. 85 சதவீத எத்தனாலுக்கு மாறுவதானால் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் எரிபொருள் தேவைப்படும். பம்பும் இன்ஜெக்டரும் அதற்கு ஈடுகொடுக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

டீசல் காரில் கரும்புகை கக்குவதைச் சக்தியின் அடையாளமாகக் கொண்டாடுவது அறியாமை. அது முழுதாக எரியாத எரிபொருள், அவ்வளவுதான். புகை வடிகட்டியையும் வினையூக்கியையும் கழற்றுவது பல நாடுகளில் சட்டவிரோதம். நல்ல டியூனிங்குக்கு அந்தத் தேவையே இல்லை.

வேலையை ஒப்படைக்கும் முன் மூலக் கோப்பின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். சர்வீஸ் நிலையத்தில் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டால் டியூனிங் அழிந்துபோகலாம் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பல கணினிகள் மென்பொருள் மாற்றப்பட்ட தடயத்தைப் பதிந்து வைக்கின்றன. எனவே வாரண்டி இருக்கும் காரில், அதை இழக்கத் தயாரா என்பதை முடிவு செய்துவிட்டே கையெழுத்திடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.