உயரச் சென்சர் பிழை காட்டினால் முதலில் அளவு நாடாவை எடுங்கள்

சஸ்பென்சன் பிழை என்று திரையில் எழுத்து விழுந்த உடனேயே புது உயரச் சென்சருக்கு ஓடர் கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து பொறுங்கள். நான் ஒஸ்லோவில் கராஜ் வேலை செய்கிறேன். குளிர்காலம் முழுக்க வீதியில் உப்புக் கொட்டும் ஊர் இது. பனி உருகத் தொடங்கியதும் இந்தப் பிழையோடு மின்சாரக் கார்கள் வரிசையாக வரும். பலவற்றில் சென்சருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதோடு சேர்ந்த கம்பியோ, கொனெக்டரோ, வயரோதான் பழுதாகியிருக்கும்.

கார் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்க்கும் இந்தச் சென்சர் ஒரு தீப்பெட்டி அளவுதான். காரின் உடற்சட்டத்தில் பூட்டியிருக்கும். அதிலிருந்து நீளும் சிறு கையை, இரு முனையிலும் பந்து மூட்டுள்ள ஒரு கம்பி, சில்லோடு சேர்ந்து ஏறி இறங்கும் சஸ்பென்சன் கையோடு இணைக்கிறது. சில்லு ஏற, கை திரும்ப, அந்தக் கோணத்தைச் சென்சர் மின் சிக்னலாக மாற்றுகிறது. இன்றைய சென்சர்களில் பெரும்பாலானவற்றின் உள்ளே எதுவும் உராய்வதில்லை. ஆகவே தேய்மானம் குறைவு. காற்றுச் சஸ்பென்சன் (ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகள் காரைத் தாங்கும் அமைப்பு) உள்ள கார்களில் வழக்கமாகச் சில்லுக்கு ஒன்று உண்டு. சாதாரண ஸ்பிரிங் உள்ள காரிலும் முன்விளக்கின் சாய்வைத் திருத்துவதற்கு ஒன்றிரண்டு இருக்கும்.

மின்சாரக் காரில் இதைத் தள்ளிப்போடக் கூடாது. கார் பாரமானது, பற்றரி அடித்தளத்தில் கிடக்கிறது. கார் தாழ்ந்து நின்றால் சில்லுகள் உட்பக்கம் சாய்ந்து ரயரின் உள் விளிம்பு தேயும். பற்றரியின் அடித்தகடு கல்லிலும் பனிக்கட்டியிலும் அடிபடும்.

காரைச் சமதரையில் நிறுத்தி, ஆட்களையும் சாமான்களையும் இறக்குங்கள். ஒவ்வொரு சில்லின் நடுப்புள்ளியிலிருந்தும் நேர் மேலே மட்காட்டின் விளிம்பு வரை அளந்து மில்லிமீற்றரில் எழுதுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், ரயரின் காற்றும் தேய்மானமும் கணக்கைக் குழப்பிவிடும். பிறகு பரிசோதனைக் கருவியைப் பூட்டி, அதே நான்கு சென்சர்களும் சொல்லும் உயரத்தை அருகில் எழுதுங்கள். மின்சாரக் காரிலும் 12 வோல்ட் பற்றரி பலவீனமானால் இல்லாத பிழையெல்லாம் திரையில் தோன்றும் என்பதால், அதையும் இப்போதே அளந்துவிடுங்கள்.

நாடாவும் திரையும் ஒத்துப்போனால் சென்சர் உண்மையைத்தான் சொல்கிறது. கார் உண்மையிலேயே சாய்ந்திருக்கிறது. காற்றுக் கசிவையோ, வால்வில் அல்லது காற்றை அடிக்கும் கொம்பிரசரில் உள்ள குறையையோ தேடுங்கள். நாடா சாய்வு என்று சொல்லும்போது திரை சரி என்று சொன்னால், காரின் கணினிக்குத் தப்பான செய்தி போகிறது. அந்தப் பொய்யை நம்பித்தான் அது காரை அப்படிச் சாய்த்து வைத்திருக்கிறது. திரையில் எண் துள்ளினாலோ, ஒரே இடத்தில் உறைந்து நின்றாலோ, வயர்ப் பக்கம் பாருங்கள். பிழைக் கோட் எந்தப் பாதையில் கோளாறு என்று சொல்லும். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லாது.

ஒரு அக்கா காரைக் கொண்டுவந்தார். பின் இடப்பக்கம் தாழ்ந்திருந்தது. வேறொரு கராஜில் கொம்பிரசரை மாற்றச் சொல்லிப் பெரிய தொகை எழுதிக் கொடுத்திருந்தார்கள். "தம்பி, இது கட்டாயம் மாற்றத்தான் வேண்டுமா?" என்று கேட்டார். நாடாவில் மூன்று சென்ரிமீற்றர் குறைவு. திரையில் எல்லாம் சரி. உயர்த்தச் சொன்னதும் கார் உடனே உயர்ந்தது, ஆகவே கொம்பிரசரில் குறையில்லை. கீழே பார்த்தால், கம்பியின் அடிமுனை பூட்டியிருந்த தகடு வளைந்திருந்தது. அதை மாற்றியதோடு வேலை முடிந்தது. இப்படிப்பட்ட பிழைக்கு மக்களிடம் கொம்பிரசர் விலை வாங்குவது எனக்குப் பொறுக்காது.

காருக்கு அடியில் போகுமுன், கார் தானாக உயரத்தை மாற்றாமல் நிறுத்திவைக்கும் ஜாக் நிலையைக் காரின் திரையில் தெரிவு செய்யுங்கள். இதை விட்டுவிடவே கூடாது. கம்பியைக் கழற்றியதும் கணினி உயரம் மாறிவிட்டதாக நினைத்துக் காரை இறக்கலாம்; உங்கள் கை நடுவில் இருக்கும். தயாரிப்பாளர் குறித்த இடத்தில் மட்டும் ஜாக்கை வைத்து, தாங்குகால் கொடுங்கள். பற்றரியில் ஜாக் படக்கூடாது, உயர் மின்னழுத்தம் போகும் செம்மஞ்சள் வயர்களைத் தொடக்கூடாது.

கம்பியை விரலால் அசைத்துப் பாருங்கள். பந்து மூட்டின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் உள்ளே உப்பும் மண்ணும் சேர்ந்து சாம்பல் நிறப் பசையாக இருக்கும். மூட்டு இறுகி, திரும்பும்போது நறநறக்கும். அப்படி இறுகிய மூட்டுத்தான் ஒருநாள் கம்பியை முறிக்கும், அல்லது சென்சரின் கையை வளைக்கும். பழைய கார் வாங்கியவர்கள் இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள்: காரைத் தாழ்த்திக் காட்டுவதற்காக நீளம் மாறிய கம்பியை முன்னைய சொந்தக்காரர் போட்டிருக்கக்கூடும்.

கம்பி நல்லதென்றால் அதன் ஒரு முனையைக் கழற்றி, சென்சரின் கையை மெதுவாகத் திருப்புங்கள். திரையில் எண் இடைவெளியின்றி ஏறி இறங்க வேண்டும். நடுவில் பாய்ந்தால் கொனெக்டரைத் திறந்து பாருங்கள். பச்சை பூத்த முனைகள் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். மூன்று வயர் உள்ள சாதாரண வகையில் ஒன்றில் 5 வோல்ட், ஒன்று எர்த், மூன்றாவது சிக்னல். சிக்னல் ஏறக்குறைய அரை வோல்ட்டுக்கும் நாலரை வோல்ட்டுக்கும் இடையில் நகரும். பல்ஸ் அனுப்பும் வகையை மல்டிமீற்றரால் தீர்மானிக்க முடியாது. ஒரே நேரத்தில் பல சென்சர்கள் பிழை காட்டினால் எல்லாவற்றையும் வாங்கிவிடாதீர்கள்: 5 வோல்ட் பாதையைச் சிலபோது அவை பகிர்ந்துகொள்கின்றன, ஒன்று ஷோர்ட் ஆனால் மற்றவையும் விழும். ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி.

மாற்றத்தான் வேண்டுமென்றால் கழற்றுமுன் படம் எடுங்கள். இடது வலது பாகங்கள் ஒன்றுபோலத் தெரியும். கை தலைகீழாகப் பூட்டப்பட்டால் கணினி உயர்த்தவேண்டிய இடத்தில் தாழ்த்தும். சிறிய போல்ட்கள் துருவில் முறியும். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள்.

பூட்டியதும் அளவைப் பதிவு செய்யவேண்டும். ரயர்க் காற்றைச் சரியாக்கி, மீண்டும் நாடாவால் அளந்து, நான்கு எண்களையும் கருவியில் கொடுங்கள். அடுத்து முன்விளக்கின் சாய்வு. நோர்வேயில் நான்கு வயதில் தொடங்கி இரண்டு ஆண்டுக்கொருமுறை வரும் ஈயூ கொன்ட்ரோல் என்ற வாகனத் தகுதிப் பரிசோதனையில் அதையும் பார்ப்பார்கள். உயரம் மாறியிருந்தால் சில்லு அலைன்மென்டும், சில கார்களில் முன் கமராவின் அளவீடும் தேவைப்படும். கடைசியாக காரை ஓர் இரவு அப்படியே விட்டு, காலையில் எடுக்குமுன் நான்கு மூலையையும் மறுபடி அளந்து முதல் நாள் எண்களோடு பாருங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அங்கே காற்றுக் கசிவும் இருக்கிறது. சவர்க்கார நீரை ஊற்றிக் குமிழி வரும் இடத்தைத் தேடுங்கள்.