சக ஊழியரிடம் உதவி வாங்குவது எப்படி?

கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்கிறவர்களைப் பழக்கிவிடுவது என் பொறுப்பு. மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும்போது பலர் பக்கத்து இருக்கையில் கேட்கவே மாட்டார்கள். "அவங்களுக்கே ஆயிரம் வேலை" என்பார்கள். ஃபிரான்சிஸ் ஃப்ளின், வனெஸ்ஸா லேக் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள்: நேரில் கேட்டால் எத்தனை பேர் உதவச் சம்மதிப்பார்கள் என்பதை நாம் ரொம்பவே குறைத்து எடைபோடுகிறோம். அதனால் சிக்கல் வந்தவுடனே கேட்டுவிடுங்கள். கெடு கழுத்தை நெரிக்கும்வரை தள்ளிப்போட்டால் அவருக்கும் கற்றுக்கொடுக்க நேரம் இருக்காது.

எதைக் கேட்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "இதை முடிச்சுத் தர்றீங்களா?" என்றால் இன்றைய வேலை முடியும், அடுத்த மாதமும் அதே இடத்தில் நிற்பீர்கள், மனதிலும் 'எனக்கு வராது' என்ற எண்ணம் ஊறிவிடும். "பேங்க் ஸ்டேட்மென்டும் லெட்ஜரும் ஒத்துப்போகலை. இதுவரை டிக் பண்ணிட்டேன், அடுத்து எங்கே பார்க்கணும்?" என்று கேளுங்கள். அவர் மவுஸை எடுக்கப் போனால், "நீங்க சொல்லுங்க, நானே செஞ்சு பார்க்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். இரண்டு தொகைக்கும் உள்ள வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபடுகிறதா என்று பார்க்கச் சொல்வார். வகுபட்டால் 54ஐ 45 என்று மாற்றி எழுதிய மாதிரி எங்காவது இலக்கம் இடம் மாறியிருக்கலாம். அந்த வரியை நீங்களே தேடிப் பிடித்தால், அப்புறம் அந்த வித்தை உங்களுடையது.

கேட்காமலே வரும் உதவி வேறு விஷயம். நெதர்லாந்து ஆய்வாளர்களின் 2003ஆம் ஆண்டு ஆய்வில், வலிய வந்த உதவி பெரும்பாலும் மனதைச் சோரவைத்தது. தனியாகத் தீர்க்கவே முடியாத சிக்கலில் மட்டும் அப்படி உறுத்தவில்லை. அதனால் வலிய வரும் உதவியை மறுக்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. "முதல்ல நான் முயற்சி பண்றேன், முடியலேன்னா வர்றேன்" என்றால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சொன்னபடி போகவும் வேண்டும்.

கடன்பட்டுவிட்டோமே என்ற தவிப்பு சிலருக்கு நாள்கணக்கில் இருக்கும். உடனே பதிலுக்கு ஏதாவது செய்ய அலையாதீர்கள். கணக்கு நேரானதும் அவரிடம் போய், "நீங்க சொன்ன இடத்துலதான் இருந்தது" என்று சொல்லுங்கள். வெறும் 'தேங்க்ஸ்' என்பதைவிட அது அவருக்கு நிறைவு தரும். மேலாளர் கேட்டால் அவர் பெயரையும் சொல்லுங்கள்.