வீட்டுக்கு ஒரே சமையல், ஆளுக்கேற்ற அளவு: எங்கிருந்து தொடங்குவது?

அப்பாவுக்குச் சர்க்கரை, பிள்ளைக்கு எடை போதவில்லை என்று ஆளுக்கொரு சமையல் செய்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது. உலை ஒன்றே போதும். தட்டில் விழும் அளவுதான் மாறவேண்டும்.

1. அளந்து பாருங்கள்

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல்படி, 2000 கலோரி தேவைப்படுபவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் 400, பழம் 100, பருப்பு, முட்டை, மீன், கறி எல்லாம் சேர்ந்து 85, கொட்டைகள் 35, எண்ணெய் 27, பால் 300 மில்லி. எல்லாம் சமைக்கும் முன் எடை. இட்லி அரிசியும் தானியக் கணக்கில் சேரும். வரகு, சாமைக்கும் இதே அளவுதான். சிறுதானியம்தானே என்று கூடுதலாகப் போட்டுக்கொண்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

2. காயைக் கூட்டுங்கள்

நாலு பெரியவர்களுக்கு 1.6 கிலோ வரும். மலைக்க வேண்டாம், ஒரு கிலோவில் தொடங்குங்கள். மதியம் ஒரு பொரியல், ஒரு கூட்டு. இரவு இட்லிக்குப் பொடி மட்டும் வைக்காமல் காய் நிறையப் போட்ட சாம்பார். தட்டில் முதலில் காயை வையுங்கள், பிறகு சோறு. இந்த வரிசை மாறினால் சோறுதான் ஜெயிக்கும்.

3. பருப்பும் மீனும்

நாலு பேருக்கு 340 கிராம். சாம்பாருக்குத் துவரம்பருப்பு 150, இரவே ஊறவைத்த கொண்டைக்கடலைச் சுண்டலுக்கு 100, மீதிக்கு மீனோ முட்டையோ. கடலூர் துறைமுகத்திலும் புதுச்சேரி தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்திலும் இறங்கும் மத்தி, கானாங்கெளுத்தியில் ஒமேகா-3 கொழுப்பு நிறைய. வஞ்சிரம்தான் சத்து என்பது வெறும் கௌரவம். குழம்பு வையுங்கள், பொரித்தால் எண்ணெய்க் கணக்கு உதைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம், விலை ஏறும். அப்போது முட்டை, தட்டைப்பயறு. கருவாடு என்றால் வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசுங்கள். உப்பு ஒருவருக்கு நாளைக்கு 5 கிராம்தான். ஊறுகாய், அப்பளமும் அதற்குள் அடக்கம்.

4. எண்ணெயைத் தனியே எடுத்து வையுங்கள்

நாலு பேருக்கு மாதம் சுமார் மூன்றரை லிட்டர். இருபதாம் தேதிக்குள் தீர்ந்தால் தாளிப்பைக் குறை சொல்லாதீர்கள், சாயங்கால பஜ்ஜியைப் பாருங்கள்.

பண்ருட்டிப் பலா வரும் மாதங்களில் சர்க்கரை உள்ளவர்கள் இரண்டு மூன்று சுளையோடு நிறுத்தி, அந்த வேளைச் சோற்றில் ஒரு கரண்டி குறைத்துக்கொள்ளலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மேலே சொன்ன பருப்புக் கணக்கு பொருந்தாது. மருத்துவர் சொல்வதே அளவு.